விபிஎன் சந்தா கட்டறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பாக்கணும்? ரெண்டு வருஷ ஆஃபர் ஒண்ணு கண்ணு முன்னாடி ஓடிட்டு இருக்கு

#1 கதிர்_பொள்ளாச்சி

எல்லாருக்கும் வணக்கமுங்க. வீட்ல ஜியோ ஃபைபர் போட்டிருக்கோம். எனக்கு வீட்ல இருந்தே வேலை, வீட்டுக்காரம்மா காலேஜ்ல பாடம் எடுக்கறாங்க, வெளியூர் போறப்ப லாட்ஜ், ரயில்வே ஸ்டேஷன்னு கிடைக்கிற வைஃபைல எல்லாம் லேப்டாப்ப போட்டுக்குவாங்க, பையன் பிளஸ் டூ. யூடியூப்ல எந்த வீடியோவ திறந்தாலும் நடுவுல ஒருத்தர் வந்து விபிஎன் இல்லைன்னா உங்க பேங்க் பணமே போயிரும்ங்கற மாதிரி பேசறாரு. சரின்னு ஒரு கம்பெனி சைட்டுக்குப் போனா 27 மாசத்துக்கு ஒரே அடியா கட்டினா எம்பது சதவீதம் தள்ளுபடி, கீழ கடிகாரம் ஓடுது, இன்னும் ரெண்டு மணி நேரந்தான் இருக்காமா. கட்டிரலாமுங்களா? கட்டறதுக்கு முன்னாடி எதை எதைப் பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொன்னா நல்லா இருக்கும். எனக்கு கம்ப்யூட்டர் ஓரளவுக்குத் தெரியும், நெட்வொர்க் விஷயம் ஆழமா தெரியாது.

#2 சர்வர்ரூம்_செந்தில்

கதிர் சார், மொதல்ல அந்த கடிகாரத்த விட்ருங்க. பக்கத்த மூடிட்டு வேற பிரவுசர்ல திறந்து பாருங்க, பெரும்பாலும் மறுபடி மொதல்ல இருந்து ஓட ஆரம்பிக்கும். இந்த தள்ளுபடி வருஷம் பூரா ஏதாவது ஒரு பேர்ல இருந்துட்டேதான் இருக்கு.

விபிஎன்ங்கறது உங்க இணைய போக்குவரத்த பூட்டி, அந்த கம்பெனியோட சர்வர் வழியா சுத்தி அனுப்பற ஏற்பாடு, அவ்வளவுதான். அடுத்தது, எதுக்கு வேணும்னு உங்க வீட்டு அளவுக்கு எழுதி வைங்க. இப்ப பேங்க் சைட், ஜிமெயில், வாட்ஸ்அப் எல்லாமே எச்டிடிபிஎஸ்ங்கற பூட்டு போட்ட இணைப்புல, இல்லைன்னா அதோட சொந்த குறியாக்கத்துலதான் போகுது, லாட்ஜ் வைஃபைல ஒருத்தன் உக்காந்து கேட்டாலும் உங்க பாஸ்வேர்டு அவனுக்கு தெரியாது. எந்த சைட்டுக்கு போறீங்கன்னு பேரு மட்டும் தெரியும். அதே பேருதான் ஜியோவுக்கும் தெரியும். விபிஎன் போட்டா அந்த பேரு ஜியோவுக்கும் லாட்ஜுக்கும் தெரியாம போயிடும், ஆனா விபிஎன் கம்பெனிக்கு தெரியும். வீட்டு சாவிய பக்கத்து வீட்ல இருந்து வாங்கி எதிர் வீட்ல குடுக்கற மாதிரி. எதிர் வீட்டுக்காரர் யாருன்னு விசாரிக்காம சாவிய குடுக்க மாட்டோம்ல, அந்த விசாரணைதான் சந்தா கட்டறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய மொத்த வேலையும்.

வைரஸ், ஓடிபி மோசடி, போலி லிங்க், இதுல எதையும் விபிஎன் தடுக்காது. விளம்பரத்துல பயமுறுத்தறது பாதிக்கு மேல அந்த வகைதான்.

#3 ஹாஸ்டல்பையன்

அண்ணா எதுக்கு காசு குடுத்து வாங்கணும்? பிளே ஸ்டோர்ல சும்மாவே நெறைய இருக்கு, நான் வச்சிருக்கறதுக்கு 4.6 ஸ்டார், கோடிக்கணக்குல டவுன்லோடு. எங்க ஹாஸ்டல் வைஃபைல பாதி சைட் பிளாக், இத ஆன் பண்ணா எல்லாம் ஓடுது. இதுல என்ன பிரச்சனை வந்துட போகுது?

#4 சர்வர்ரூம்_செந்தில்

தம்பி, ஸ்டார் எண்ணிக்கைய வச்சு இத முடிவு பண்ணவே கூடாது. சைட் ஓடுச்சா இல்லையாங்கறது மட்டும்தான் ஸ்டார் போடறவனுக்கு தெரியும், உள்ள என்ன நடக்குதுன்னு அவனுக்கு தெரியாது.

உள்ள பாத்தவங்க சொன்னத கேளு. 2016ல ஆஸ்திரேலியாவோட அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சியாளர்களும் அவங்ககூட சேந்த பல்கலைக்கழகத்துக்காரங்களும் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்ப எடுத்து பிரிச்சு பாத்தாங்க. 38 சதவீதத்துல மால்வேர், அதாவது கெடுதல் பண்ற நிரலோட அடையாளம் இருந்துச்சு. 75 சதவீதத்துல பயனர கண்காணிக்கிற, மத்தவங்களோட ட்ராக்கிங் லைப்ரரி. 18 சதவீதம் குறியாக்கமே பண்ணல, சும்மா வேற வழியா அனுப்பிட்டு இருந்துச்சு. பழைய கணக்குதான், ஆனா அதுக்கப்புறம் வந்த சம்பவங்கள பாத்தா நெலம திருந்தின மாதிரி தெரியல.

2020 ஜூலைல யூஎஃப்ஓ விபிஎன்னு ஹாங்காங் பக்கத்து ஆப், அதே குடும்பத்துல வேற வேற பேர்ல இன்னும் ஆறு ஆப், எல்லாமே நாங்க லாக், அதாவது யார் எப்ப என்ன பண்ணாங்கங்கற பதிவு, வைக்கிறதில்லைன்னு எழுதி வச்சிருந்தவங்க. அவங்க சர்வர் பாஸ்வேர்டே இல்லாம இணையத்துல திறந்து கெடந்துச்சு, உள்ள பாத்தா யார் எந்த ஐபில (இணைய முகவரில) இருந்து எப்ப வந்தாங்கங்கற லாக்கும் பயனர்களோட பாஸ்வேர்டும் படிக்கிற மாதிரியே இருந்துச்சு. ஃபேஸ்புக் 2013ல ஓனாவோங்கற கம்பெனிய வாங்கி அதோட விபிஎன் ஆப்ப பாதுகாப்புன்னு சொல்லி குடுத்துட்டு இருந்துச்சு, ஜனங்க வேற எந்த ஆப்ப எவ்வளவு நேரம் பயன்படுத்தறாங்கன்னு அது வழியாத்தான் பாத்துச்சு. 2018ல ஆப்பிள் அத தன் கடைல இருந்து எடுக்க வச்சது, 2023ல ஆஸ்திரேலிய கோர்ட் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு.

இதையெல்லாம் விட மோசம் 911 எஸ்5. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷைன்விபிஎன்னு இலவச ஆப் குடுத்து, அத போட்டவங்களோட இணைப்பையே குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டாங்க. எங்கயோ ஒருத்தன் மோசடி பண்ணுவான், போலீஸ் ரெக்கார்டுல உன் வீட்டு ஐபி இருக்கும். 1.9 கோடி ஐபி இதுல மாட்டிச்சுன்னு அமெரிக்க நீதித்துறை சொல்லுச்சு, 2024 மே மாசம் அத நடத்தினவன சிங்கப்பூர்ல புடிச்சாங்க.

இலவசம் எல்லாமே இப்படின்னு சொல்லல. காசு குடுக்கறவங்க பணத்துல இலவசக்காரங்கள ஓட்டற கம்பெனியும் இருக்கு. ப்ரோட்டான்ங்கற விபிஎன்ல டேட்டா அளவே இல்லாத இலவச திட்டம் இருக்கு, ஆப்போட சோர்ஸ் கோடும் வெளில இருக்கு. உனக்கு அது போதும். ஹாஸ்டல்ல எதுக்கு பிளாக் பண்ணியிருக்காங்கங்கறத வார்டன்கிட்ட பேசிக்கோ, அது தனி விஷயம்.

#5 கேள்விக்குறி

காசு குடுத்தா மட்டும் நேர்மையா இருந்துடுவாங்களா? நோ லாக்ஸ்னு எழுதறதுக்கு என்ன செலவு ஆகுது? 2011ல லல்ஸ்செக்ங்கற ஹேக்கர் கும்பல் கேஸ்ல ஹைட்மைஆஸ்ங்கற விபிஎன் தன்னோட பயனர் விவரத்த குடுத்துச்சு, அந்த ஆள் மாட்டினான். பியூர்விபிஎன் எந்த லாக்கும் இல்லைன்னு விளம்பரம் பண்ணிட்டு இருந்தப்பவே 2017ல ஒரு பொண்ண இணையத்துல துரத்தி தொந்தரவு பண்ணின கேஸ்ல எஃப்பிஐக்கு ரெக்கார்டு குடுத்துச்சு. ஐபிவேனிஷ் 2016ல அமெரிக்க ஹோம்லேண்ட் செக்யூரிட்டிக்கு குடுத்தது 2018லதான் வெளிய வந்துச்சு. மூணு பேரும் பேர் தெரிஞ்ச, காசு வாங்கற கம்பெனிதான்.

மாட்டினவங்க கெட்டவங்க, மாட்டட்டும், எனக்கு அதுல வருத்தமில்ல. இல்லைன்னு சொன்ன லாக் இருந்துச்சேங்கறதுதான் என் கேள்வி. அதனால நான் சொல்றது, வீட்டு உபயோகத்துக்கு விபிஎன்னே வேண்டாம். பிரவுசர அப்டேட்டா வைங்க, சைட் பேர ஐபியா மாத்தி தர்ற டிஎன்எஸ்ஸ குறியாக்கத்தோட வர்ற மாதிரி மாத்துங்க, ரெண்டடுக்கு பாதுகாப்பு போடுங்க, அந்த காசுக்கு பையனுக்கு புஸ்தகம் வாங்கி குடுங்க.

#6 வித்யா_அடையாறு

கேள்விக்குறி சொன்ன மூணு கேஸும் உண்மைதான், ஆனா அதே அளவுகோல வச்சு இன்னொரு பக்கமும் பாக்கணும்ல. நெருக்கடி வந்தப்ப குடுக்க எதுவுமே இல்லாம நின்னவங்களும் இருக்காங்க. 2016ல ஃப்ளோரிடா வெடிகுண்டு மிரட்டல் கேஸ்ல எஃப்பிஐ பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ்ங்கற விபிஎன் கம்பெனிகிட்ட கேட்டுச்சு, குடுக்க முடிஞ்சது இது அமெரிக்க கிழக்கு பகுதி சர்வரோட ஐபிங்கறது மட்டுந்தான், கோர்ட் ஆவணத்துலயே அது இருக்கு. துருக்கில ரஷ்ய தூதர் சுட்டுக் கொல்லப்பட்ட விசாரணைல எக்ஸ்பிரஸ்விபிஎன்னோட சர்வரையே போலீஸ் தூக்கிட்டு போச்சு, உள்ள ஒண்ணும் கிடைக்கலைன்னு கம்பெனி 2017ல அறிக்கை விட்டுச்சு. 2023 ஏப்ரல் 18ஆம் தேதி ஸ்வீடன் போலீஸ் சோதனை வாரண்டோட முல்வாட்ங்கற விபிஎன் கம்பெனி ஆபீசுக்கு போச்சு, நீங்க தேடற தகவல் எங்ககிட்ட இல்லவே இல்லைன்னு விளக்கி சொன்னப்புறம் எதையும் எடுக்காமலே திரும்பிடுச்சு. நான் ஒரு கம்பெனிய பாக்கறப்ப மொதல்ல தேடறது இந்த மாதிரி சம்பவத்ததான், வீடியோ விளம்பரத்தோட கூப்பன் கோட எல்லாம் கண்டுக்கறதே இல்ல.

ஆனா இதுல ஒரு முடிச்சு இருக்கு, அத நெறைய பேர் விட்டுடறாங்க. சான்று ஒரு முதலாளி காலத்துல கிடைச்சிருக்கும், இப்ப கம்பெனி வேற கைல இருக்கும். பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ்ஸ 2019ல கேப் டெக்னாலஜீஸ் வாங்கிச்சு. எக்ஸ்பிரஸ்விபிஎன்ன 2021ல 93.6 கோடி டாலருக்கு வாங்கினதும் அவங்கதான். அதுக்கு முன்னாடியே சைபர்கோஸ்ட், ஜென்மேட்னு ரெண்டு விபிஎன்ன வாங்கியிருந்தாங்க. இந்த கேப் முன்னாடி கிராஸ்ரைடர்ங்கற பேர்ல இருந்தது, அப்ப அதோட தளம் ஆட்வேர், அதாவது கேக்காமலே விளம்பரம் காட்டற நிரல் பரப்பற ஆளுங்களுக்கு ரொம்ப வசதியா இருந்ததுன்னு பாதுகாப்பு துறையில எல்லாருக்கும் தெரியும், 2018ல பேர மாத்திக்கிட்டாங்க. அதே 2021ல வெப்செலனீஸ்னு ஒரு கம்பெனியையும் வாங்கினாங்க, அது நடத்தறதுதான் விபிஎன்மென்டரும் விஸ்கேஸும். அதாவது எந்த விபிஎன் நல்லதுன்னு வரிசை போட்டு சொல்ற சைட்டும் அந்த வரிசைல இருக்கற விபிஎன்னும் ஒரே வீட்டு சொத்து. பிசிமேக் பத்திரிகையும் ஐபிவேனிஷும் ஜிஃப் டேவிஸ்கிட்ட இருக்கு. நார்ட், சர்ஃப்ஷார்க்னு ரெண்டு விபிஎன் கம்பெனியும் 2022ல ஒண்ணா சேந்துட்டாங்க, பிராண்ட் மட்டும் தனித்தனியா ஓடுது.

இதுக்காக இவங்க எல்லாம் இப்ப தப்பு பண்றாங்கன்னு நான் சொல்ல வரல, அதுக்கு ஆதாரம் என்கிட்ட இல்ல. நான் கேக்கறது ஒண்ணுதான், பத்து பேர் இருக்கற போட்டின்னு நெனச்சு படிக்கிற பட்டியல் நாலஞ்சு முதலாளிங்களோடதா இருந்தா அத வாங்கறவனுக்கு மொதல் வரிலயே சொல்லணும். பெரும்பாலும் எங்கயோ கீழ சின்ன எழுத்துல இருக்கும். கதிர் சார், நீங்க படிச்ச சைட்டோட அடிப்பக்கம் போய் அது யாருதுன்னு பாருங்க.

#7 கதிர்_பொள்ளாச்சி

வித்யா மேடம், நீங்க சொன்ன மாதிரி போய்ப் பாத்தேனுங்க. நான் படிச்ச சைட்ல கீழ "எங்க உரிமையாளருக்கு இந்த நிறுவனங்களும் சொந்தம்"னு ஒரு வரி நெசமாலுமே இருக்குது, முதல் இடம் குடுத்திருந்த விபிஎன் அதுக்குள்ளயே இருக்குது. பட்டன அமுக்கி வாங்கினா அவங்களுக்கு கமிஷன்னும் எழுதியிருக்குது.

இன்னொன்னு கேக்கணும். நம்ம நாட்ல விபிஎன் போடறது சட்டப்படி சரிதானுங்களா? அஞ்சு வருஷம் விவரம் வச்சிருக்கணும்னு ஏதோ உத்தரவு வந்ததுன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரு.

#8 சர்வர்ரூம்_செந்தில்

விபிஎன் போடறது இந்தியால பொதுவா குற்றம் இல்ல. ஆனா ஜம்மு காஷ்மீர்ல சில மாவட்டங்கள்ல நிர்வாகம் அப்பப்ப தற்காலிகமா தடை உத்தரவு போட்டிருக்கு. விபிஎன் போட்டு பண்ற குற்றம் எங்க பண்ணாலும் குற்றம்தான்.

உங்க பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவு. விபிஎன் குடுக்கறவங்க வாடிக்கையாளரோட பேர், சரிபாத்த முகவரி, போன் நம்பர், குடுத்த ஐபி, எதுக்காக வாங்கறாங்கங்கறது எல்லாத்தையும் அஞ்சு வருஷம் வச்சிருக்கணும், அவங்க கணக்க முடிச்சுட்டு போனதுக்கு அப்புறமும். ஆபீஸ்ல குடுக்கற விபிஎன்னுக்கு இது இல்ல, நம்ம மாதிரி பொதுஜனம் வாங்கறதுக்குதான். ஜூன்ல வர வேண்டியது, விபிஎன்காரங்களுக்கு செப்டம்பர் 25 வரைக்கும் தள்ளி வச்சாங்க. அதுக்குள்ள எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட், ப்ரோட்டான் எல்லாரும் இந்தியால இருந்த சர்வர எடுத்துட்டு போயிட்டாங்க.

சந்தா கட்டறவங்களுக்கு இதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, இப்பவும் பட்டியல்ல இந்தியான்னு காட்டுவாங்க, ஆனா மெஷின் சிங்கப்பூர்லயோ லண்டன்லயோ இருக்கும், ஐபி மட்டும் இந்தியான்னு பதிவாயிருக்கும். சென்னைல இருந்து சிங்கப்பூருக்கு கடலுக்கடியில நேரா கேபிள் போகுது, அதனால அந்த வழி பரவால்ல, தாமதம் நாப்பது மில்லிசெகண்ட் பக்கம்தான் வரும். லண்டன் வழின்னா வீடியோ கால்லயே வித்தியாசம் தெரியும். சர்வர் உண்மைல எந்த நாட்ல இருக்குன்னு எழுதி வச்சிருக்காங்களான்னு பாருங்க, எழுதாதவங்கள நான் விலக்கிடுவேன்.

ரெண்டாவது, ஒரு கம்பெனி இன்னும் இந்தியாக்குள்ளயே சர்வர் வச்சிருக்கோம், லாக்கும் வைக்கிறதில்லன்னு ரெண்டையும் சேத்து சொன்னா, அந்த உத்தரவுக்கு என்ன பதில்னு கட்டறதுக்கு முன்னாடியே மெயில்ல கேளுங்க. ஒழுங்கான பதில் வரலைன்னா அதுவே உங்களுக்கு பதில்.

2025 ஜனவரில அரசு உத்தரவுப்படி ஆப்பிளும் கூகுளும் இந்திய ஆப் ஸ்டோர்ல இருந்து சில விபிஎன் ஆப்ப எடுத்துட்டாங்க, கிளவுட்ஃபிளேரோட 1.1.1.1, ஹைட்.மீ எல்லாம் அதுல இருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு மொத்தமா கட்டறவங்க இதையும் யோசிக்கணும், நாளைக்கு ஆப் அப்டேட்டே வராம போகலாம்.

#9 நல்லூர்வாசி

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். வீட்டுக்கு விபிஎன்னே வேண்டாம் எண்டு கேள்விக்குறி எழுதினதை வாசிச்சனான், எங்கட அனுபவம் வேற. 2018 பங்குனியில கண்டிப் பக்கம் கலவரம் நடந்த நேரம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் கிட்டத்தட்ட ஒரு கிழமைக்கு மறிச்சவை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும் அப்பிடித்தான். 2022 ஏப்ரல் 3, சாமான் இல்லை, கரண்ட் இல்லை எண்டு சனம் ரோட்டில இறங்கப் போகுது எண்ட நேரம் திரும்பவும் எல்லாம் நிண்டுட்டுது. அண்டைக்கு அமைச்சரா இருந்த நாமல் ராஜபக்சவே தானும் விபிஎன் போட்டுத்தான் எழுதுறன், உந்தத் தடையால பிரயோசனம் இல்லை எண்டு ட்விட்டரில போட்டவர்.

எங்கட வீட்டில கனடாவில இருக்கிற அண்ணனோட கதைக்கிறதுக்கு வாட்ஸ்அப்பை விட்டால் வேற வழி இல்லை, அம்மாவுக்கு அவன்ர குரலைக் கேக்காமல் பொழுது விடியாது. அந்த மாதிரி நேரத்தில விபிஎன் இருந்த ஆக்கள் கதைச்சவை, இல்லாத ஆக்கள் அவசரத்தில கண்ட கண்ட ஆப்பை எல்லாம் இறக்கினவை. செந்தில் அண்ணை சொன்ன ஆபத்தான ஆப்புகளை சனம் இறக்கிறது இப்பிடியான நேரத்திலதான். ஆனபடியால் என்ர கருத்து, தேவை வருமுதலே ஆறுதலா இருந்து பாத்து, நல்லது ஒண்டை எடுத்து போனில போட்டு வையுங்கோ. இலவச திட்டம் உள்ள நம்பிக்கையான ஒண்டு எண்டாலும் காணும். தடை இருக்கிற இடத்திலயும் வேலை செய்யிற மாதிரி, சாதாரண எச்டிடிபிஎஸ் போலத் தோற்றம் காட்டுற முறை ஆப்பில இருக்கோ எண்டு வடிவா பாருங்கோ.

#10 தேரா_துபாய்

நல்லூர்வாசி சொன்னது அந்த ஊருக்கு சரி, ஆனா வளைகுடா வர்ற நம்ம பசங்க இத படிச்சுட்டு அப்படியே பண்ணிடாதீங்க. இங்க வாட்ஸ்அப் கால் ஓடாது, விபிஎன் போட்டா ஓடுதுன்னு ரூம்ல பத்துல எட்டு பேர் போட்டிருப்பாங்க. ஐக்கிய அரபு எமிரேட்ஸோட 2021ஆம் வருஷ 34ஆம் எண் சட்டத்துல, குற்றம் பண்றதுக்கோ அத மறைக்கிறதுக்கோ ஐபிய மாத்தினா ஜெயில், இல்ல அஞ்சு லட்சத்துல இருந்து இருவது லட்சம் திர்ஹாம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். கம்பெனி வேலைக்கு விபிஎன் போடறது வேற. ஊருக்கு பேசணும்னா பாட்டிம் மாதிரி இங்க அனுமதி உள்ள ஆப் இருக்கு, அத போடுங்க. எந்த விபிஎன் விளம்பரமும் இத உங்களுக்கு சொல்லாது, உலகம் பூரா ஒரே மாதிரி விக்கறாங்க. போற நாட்டு சட்டத்த பாக்கறதும் சந்தாவுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலைதான்.

#11 மல்லிகா_மதுரை

நான் பேங்க்ல கார்டு பிரிவுல வேலை பாத்து ரிட்டையர் ஆனவ, டெக்னிக்கல் பத்தி எனக்கு பேச தெரியாது, காசு பக்கத்த மட்டும் சொல்றேன்.

தம்பி கதிர், விலைய மாசத்துக்கு இவ்வளவுன்னு போட்டிருப்பாங்க, ஆனா பிடிக்கிறது மொத்தமா. பெரும்பாலும் டாலர் இல்ல யூரோ, அதனால கார்டுக்காரங்க மாத்தற கட்டணம் சேரும், நெறைய கிரெடிட் கார்டுல அது 3.5 சதவீதம், அதுக்கும் மேல ஜிஎஸ்டி. சந்தா தொகைக்கே 18 சதவீதம் ஜிஎஸ்டி கடைசி பக்கத்துலதான் சேத்து காட்டுவாங்க. எல்லாத்தையும் கூட்டி பாத்துட்டு பேசுங்க. அதவிட முக்கியம் புதுப்பிக்கிற விலை. எம்பது சதவீத தள்ளுபடி மொத தடவைக்கு மட்டும்தான், ரெண்டு வருஷம் கழிச்சு தானா பிடிக்கறப்ப அது ரெண்டு மூணு மடங்கா இருக்கும், சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி தானா பிடிக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே உங்களுக்கு தகவல் வரணும், 15,000 ரூபாய்க்கு மேல போனா ஓடிபி கேக்கணும். உங்க பேங்க் ஆப்ல ஆட்டோபேன்னு ஒரு பகுதி இருக்கும், கட்டின அன்னைக்கே அங்க போய் மேன்டேட்ட (தானா பிடிக்க நீங்க குடுத்த அனுமதிய) நிறுத்திடுங்க, சந்தா அதுபாட்டுக்கு இருக்கும்.

30 நாள்ல பணம் திருப்பி தர்றோம்னா யார்கிட்ட கட்டினீங்கங்கறத வச்சுதான் அது. சைட்ல கட்டினா கம்பெனி திருப்பி தரும். ஆப் ஸ்டோர் வழியா கட்டினா ஆப்பிள்கிட்டயோ கூகுள்கிட்டயோதான் கேக்கணும், அவங்க விதி வேற. கிரிப்டோல கட்டினா, கிஃப்ட் கார்டுல கட்டினா சில பேர் தரவே மாட்டாங்க. என் தங்கச்சி பையன் ஒரு கம்பெனில ரீஃபண்ட் கேட்டதுக்கு, வாங்கிக்கோ, இன்னும் மூணு மாசம் இலவசம், அத பண்ணி பாரு இத பண்ணி பாருன்னு சாட்லயே இழுத்து இழுத்து கெடு முடியற வரைக்கும் கொண்டு போனாங்க. அதனால கேக்கறத மெயில்ல கேளுங்க, தேதியோட கைல இருக்கும்.

அப்புறம் வாழ்நாள் சந்தான்னு ஒண்ணு விக்கறாங்களே, அந்த பக்கமே போகாதீங்க. விபிஎன்செக்யூர்னு ஒரு கம்பெனிய 2023ல வேற ஆளுங்க வாங்கினாங்க, 2025ல வாழ்நாள் கணக்கு வச்சிருந்தவங்களுக்கு எல்லாம் மூடிட்டாங்க, வாங்கறப்ப இப்படி ஒரு பொறுப்பு இருக்கறதே எங்களுக்கு சொல்லலைன்னு விளக்கம். சர்வர் வாடகை மாசா மாசம் கட்டணும், ஒரு தடவ வாங்கின காசுல அத எத்தன வருஷம் ஓட்டுவாங்க?

#12 சர்வர்ரூம்_செந்தில்

மல்லிகா அக்கா சொன்னத அப்படியே எடுத்துக்குங்க, என் பங்குக்கு சோதனை பத்தி சொல்றேன். ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டுங்க. மாச விலை கண்ண கட்டும்தான், ஆனா ரெண்டு வருஷ பணத்த போட்டுட்டு மாட்டிக்கறதுக்கு இது தேவலை. முல்வாட்ல எத்தன மாசம் எடுத்தாலும் மாசம் 5 யூரோ, ஈமெயிலே கேக்காது, ஒரு 16 இலக்க நம்பர் தரும் அவ்வளவுதான்.

கட்டினதும் முதல் வேலை ஐபிவி6, அதாவது புது வகை ஐபி முகவரி, ஒழுகுதான்னு பாக்கறது. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுதான் பெரிய ஓட்டை, இங்கிலீஷ் ரிவ்யூல இத ஒரு வரில தாண்டிடுவாங்க. ஜியோ நெட்வொர்க் பெரும்பாலும் ஐபிவி6லதான் ஓடுது. விபிஎன் ஆப் பழைய ஐபிவி4 போக்குவரத்த மட்டும் பிடிச்சு அனுப்பிட்டு ஐபிவி6ஐ கண்டுக்காம விட்டா, ஆப்ல பச்சை விளக்கு எரியும், நீங்க பாதுகாப்பா இருக்கோம்னு நெனச்சுட்டு இருப்பீங்க, அங்க உங்க சொந்த முகவரி நேரா போயிட்டு இருக்கும். நான் மேல சொன்ன 2016 ஆய்வுலயே 84 சதவீத ஆப்ல இது ஒழுகிச்சு. ஆன் பண்ணிட்டு ஐபிலீக் டாட் நெட்ட திறங்க. 2409ன்னு ஆரம்பிக்கிற முகவரி தெரிஞ்சா அது ஜியோ, 2401ன்னு ஆரம்பிச்சா ஏர்டெல்லா இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாலும் அந்த ஆப் உங்களுக்கு வேலைக்கு ஆகல. அதே பக்கத்துல டிஎன்எஸ்சும் வெப்ஆர்டிசியும் (பிரவுசர்ல வீடியோ கால் பேச உதவறது) இருக்கும், அங்க உங்க இணைய கம்பெனி பேர் வரக்கூடாது. ஃபைபர்ல ஒரு தடவ, போன் டேட்டால ஒரு தடவ, போன்ல இருந்து ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்ல ஒரு தடவ பாருங்க, மூணுலயும் ஒரே முடிவு வரும்னு நெனைக்காதீங்க.

அடுத்தது கில் சுவிட்ச், அதாவது விபிஎன் அறுந்தா நெட்டையே நிறுத்தற வசதி. விபிஎன் ஓடறப்ப வைஃபைய அணைச்சு அணைச்சு போடுங்க, லேப்டாப்ப தூங்க வச்சு எழுப்புங்க, அந்த இடைவெளில நிஜ ஐபி எட்டிப் பாக்குதான்னு பாருங்க. ஆண்ட்ராய்டுல போன் செட்டிங்லயே விபிஎன்ன எப்பவும் ஆன்ல வைக்கறதும் விபிஎன் இல்லாத இணைப்ப தடுக்கறதும் இருக்கு, ரெண்டையும் போட்டுடுங்க. அப்பவும் நெட் இருக்கான்னு ஆண்ட்ராய்டு தானா பண்ற சின்ன சோதனை வெளிய போகும்னு முல்வாட் 2022ல கண்டுபிடிச்சு சொன்னாங்க, அது ஆண்ட்ராய்டோட குணம், எந்த விபிஎன் போட்டாலும் அப்படித்தான்.

வேகம் பாக்கறப்ப காலைல பாத்தா எல்லாமே நல்லா இருக்கும். ராத்திரி ஒம்பது பத்து மணிக்கு பாருங்க. வயர்கார்டுங்கற இணைப்பு முறை இருக்கான்னு பாருங்க, சுமார் 4000 வரி கோடுதான், 2020லயே லினக்ஸ் கெர்னலுக்குள்ள சேத்துட்டாங்க, போன்ல பேட்டரியும் கம்மியா திங்கும். நெட்ஃபிளிக்ஸ் மாதிரி சைட் 2016ல இருந்தே விபிஎன் ஐபிய தடுக்குது, அதுக்காகவே வாங்கறவங்களுக்கு எந்த கம்பெனியும் உத்தரவாதம் குடுக்க முடியாது, இன்னைக்கு ஓடும் நாளைக்கு ஓடாது. பேங்க் ஆப் சிலது விபிஎன் ஆன்ல இருந்தா திறக்காது, அதுக்கு ஆப் வாரியா விலக்கு குடுக்கற வசதி இருக்கணும்.

#13 கேள்விக்குறி

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னத ஏத்துக்கறேன், அது நிஜமான தேவை. ஆனா தணிக்கை அறிக்கைன்னு ஒண்ண எல்லாரும் காட்டறாங்களே, அத பத்தி யாரும் பேசல. டிலாய்ட் பாத்துச்சு, கேபிஎம்ஜி பாத்துச்சு, கியூர்53ங்கற பாதுகாப்பு சோதனை கம்பெனி பாத்துச்சுன்னு லோகோ போட்டுடறாங்க. எத பாத்தாங்க? ஆப்ப மட்டுமா, சர்வர் உள்ளமைப்பையுமா? எந்த தேதில? அறிக்கைய முழுசா படிக்க விடறாங்களா, இல்ல சந்தா கட்டினவனுக்கு மட்டுமா? அன்னைக்கு அப்படி இருந்துச்சுன்னு மட்டும்தான் தணிக்கை சொல்லும், மறுநாள் பத்தி அதுல ஒண்ணும் இருக்காது. நார்டோட ஃபின்லாந்து சர்வர் ஒண்ணுல 2018 மார்ச்ல ஒருத்தன் நுழைஞ்சான், ஊருக்கு தெரிஞ்சது 2019 அக்டோபர்ல.

#14 வித்யா_அடையாறு

சரியான கேள்வி. வருஷா வருஷம் திரும்ப திரும்ப தணிக்கை பண்றவங்க, முழு அறிக்கைய யார் வேணா படிக்கிற மாதிரி போடறவங்க, அதுல கண்டுபிடிச்ச ஓட்டைகளையும் மறைக்காம வச்சிருக்கறவங்க, அந்த வரிசைலதான் நான் மதிப்பு குடுப்பேன். ஓட்டையே இல்லாத அறிக்கைய பாத்தா எனக்கு சந்தேகம்தான் வரும். தப்பு நடந்தப்ப எப்படி சொன்னாங்கங்கறதும் முக்கியம். 2021ல உக்ரைன்ல வின்ட்ஸ்கிரைப்ங்கற விபிஎன்னோட ரெண்டு சர்வர அதிகாரிங்க எடுத்துட்டு போனப்ப, டிஸ்க்க குறியாக்கம் பண்ணாம வச்சிருந்தோம், குறியாக்க சாவி அதுல இருந்துச்சுன்னு கம்பெனியே எழுதிச்சு. நடந்தது மோசம், ஆனா என்ன நடந்துச்சுன்னு வாடிக்கையாளருக்கு தெரிஞ்சுது.

#15 கதிர்_பொள்ளாச்சி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. 27 மாச திட்டத்த விட்டுட்டேன். ஒரு கம்பெனில ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டி, ராத்திரி நேரத்துல உக்காந்து செந்தில் சார் சொன்ன சோதனை எல்லாம் பண்ணேன். பேர் வேண்டாமுங்க, ஆனா முடிவ சொல்லிடறேன். ஃபைபர்ல சுத்தமா இருந்துது. போன் ஹாட்ஸ்பாட்ல விண்டோஸ் லேப்டாப்ப போட்டா 2409 முகவரி பளிச்சுனு தெரிஞ்சுது, வீட்டுக்காரம்மா வெளியூர்ல பயன்படுத்தறதே அந்த மாதிரிதான். சப்போர்ட்ல கேட்டா விண்டோஸ்ல ஐபிவி6ஐயே அணைச்சுருங்கன்னு பதில் வந்துது. ஆப்ல சரி பண்ண வேண்டியத நாங்க ஏனுங்க பண்ணோணும்? மல்லிகாக்கா சொன்ன மாதிரி மெயில்ல தேதி போட்டு பணத்த திருப்பிக் கேட்டிருக்கேன், ஆட்டோபேயையும் நிறுத்திட்டேன்.

பையனுக்கு இப்ப தேவையே இல்லைன்னு தோணுது, எனக்கும் ஆபீஸ் விபிஎன் இருக்குது. அவங்க லேப்டாப்புக்கு மட்டும் ப்ரோட்டான் இலவசத்த போட்டு அதே ஹாட்ஸ்பாட் சோதனைய பண்ணினேன், 2409 வரல. இலவசத்துல நாட்ட நாமளா தேர்ந்தெடுக்க முடியறதில்ல, அவங்க தேவைக்கு அது பரவால்லீங்க. ஒரே ஒரு சந்தேகம், லாட்ஜ் வைஃபைல மொதல்ல ரூம் நம்பர் போட்டு உள்ள போற பக்கம் வருமே, கில் சுவிட்ச் ஆன்ல இருந்தா அது திறக்க மாட்டேங்குது, என்ன பண்றது?

#16 சர்வர்ரூம்_செந்தில்

அந்த பக்கத்துக்கு மட்டும் கில் சுவிட்ச்ச அணைச்சு, ரூம் நம்பர் போட்டு உள்ள போனதும் உடனே விபிஎன்ன இணைச்சுட்டு திரும்ப போட்டுடணும் சார். அந்த ஒரு நிமிஷத்துக்கு மெயில், பேங்க்னு வேற எதையும் திறக்க வேண்டாம்னு மேடம்கிட்ட சொல்லிடுங்க, பின்னாடி தானா ஒத்திசைக்கிற டிரைவ், போட்டோ ஆப்பையும் நிறுத்தி வச்சுக்க சொல்லுங்க. ரீஃபண்ட் வந்ததும், வரலைன்னாலும் இங்க எழுதுங்க.